கரண்டி ஒருவர் கையில், உக்கிராணச் சாவி இன்னொருவர் கையில்

ஊர்க் கல்யாணம் ஒன்றின் சமையல்கட்டு. கோட்டை அடுப்பில் அண்டா ஏறிவிட்டது. முன்னால் நிற்கும் தலைமைச் சமையல்காரருக்குத்தான் வியர்வை, புகை, ஏச்சு எல்லாம். ஆனால் என்ன சமைப்பது என்று முடிவு செய்தவர் அவர் அல்லர், கல்யாண வீட்டுக்காரர். அரிசியும் பருப்பும் அடுக்கிய உக்கிராண அறையின் சாவி வீட்டுக்காரரின் தம்பி இடுப்பில் தொங்குகிறது. சமையல்காரர் ஆள் அனுப்பினால் அவர் அளந்து கொடுப்பார், சில சமயம் பாதிதான் கொடுப்பார். பந்தியில் உட்கார்ந்தவருக்கு இதெல்லாம் தெரியாது. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தால் அவர் வாய் சமையல்காரரைத்தான் திட்டும்.

தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சித் தலைவரின் நிலைமை இதுதான். ஓட்டுப் போட்டு அடுப்பு முன் நிறுத்தியவர்கள் ஊர் மக்கள். பட்டியல் எழுதும் வீட்டுக்காரர் மாநில அரசு. சாவிக்காரர்கள் கலெக்டரும் யூனியன் ஆபீஸ் பி.டி.ஓ. என்கிற வட்டார வளர்ச்சி அலுவலரும். பந்தி என்பது கிராம சபை.

தலைவருக்குக் கருத்துகள் உண்டு. ஊர் நடுவில் இருக்கும் டாஸ்மாக் கடையைப் பற்றி, ஆசிரியர் பற்றாத பள்ளிக்கூடத்தைப் பற்றி, நூறு நாள் வேலையைப் பற்றி, ஏரியில் மண் அள்ளும் லாரிகளைப் பற்றி, ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கும் பேச்சைப் பற்றி. டீக்கடையில் கேட்டால் அரை மணி நேரம் சொல்வார். அந்தப் பேச்சு எந்த வழியாக மேலே போகிறது, எந்த இடத்தில் ஆறிப்போகிறது, எப்போது வேலை செய்கிறது?

அவர் கையில் இருப்பவை

ஊராட்சிகளுக்கான 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கேற்ப எழுதப்பட்டதுதான் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அரசியல் சட்டத்தின் 11ஆவது அட்டவணை விவசாயம், சிறுபாசனம், குடிநீர், ஆரம்பக் கல்வி, சுகாதாரம், பொது விநியோகம் என்று 29 துறைகளை அடுக்குகிறது. படித்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் இவை ஊராட்சிக்கு அளந்து போட்டவை அல்ல. போடலாம் என்று எழுதி வைத்தவை. எதை, எவ்வளவு கொடுப்பது என்பதை மாநிலச் சட்டமன்றம் முடிவு செய்யும். நம் மாநிலத்தில் நடைமுறையில் தலைவர் கைக்கு வந்தவை தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி, சாக்கடை, ஊர்ச்சாலை, குப்பை, சுடுகாடு. ஆசிரியர் வரவில்லை என்றால் தலைவர் வருத்தப்படலாம், விடுப்புக் கடிதம் அவரிடம் வராது. ரேஷன் கடையில் பருப்பு வரவில்லை என்றால் போன் போடலாம், அவ்வளவுதான்.

காசு மூன்று வழியாக வருகிறது. ஊராட்சி தானே வசூலிக்கும் வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் ஒன்று. தொழிற்சாலை இல்லாத சிற்றூரில் இது டேங்க் ஆபரேட்டர் சம்பளத்துக்கே திணறும். இரண்டாவது, மாநில நிதி ஆணையம் வழியாக வருவது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று கணக்கு வைத்து, நகரத்துக்கும் கிராமத்துக்குமாகப் பிரிக்கிறார்கள். மூன்றாவது, மத்திய நிதிக்குழு மானியம். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்குச் சொன்ன கணக்கில் இந்த மானியத்தின் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும். குடிநீர் நன்றாக இருந்து, சுடுகாட்டுக்குப் பாதை இல்லாமல் வயல் வரப்பில் பிணம் தூக்கும் ஊராக இருந்தாலும் அந்தக் காசைப் பாதைக்குத் திருப்ப முடியாது. பருப்பு வாங்க மட்டும் என்று முடிச்சுப் போட்டுக் கொடுத்த பணம் அது. அண்டாவில் உப்பே இல்லாவிட்டாலும் பருப்புதான் வாங்க வேண்டும்.

இருக்கிற காசை எடுக்கவும் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, துணைத் தலைவரும் போட வேண்டும். துணைத் தலைவர் வார்டு உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். பல ஊர்களில் அவர் தலைவரின் எதிர்க்கோஷ்டி. முறைகேட்டைத் தடுக்க வந்த ஏற்பாடுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாசக்கணக்கில் கையெழுத்து நின்று, மோட்டார் ரிப்பேர் செய்தவர் பணத்துக்கு அலைவது ஊரில் எல்லோரும் பார்த்ததுதான். அதற்கு மேல், சட்டத்தின் 203ஆம் பிரிவைக் காட்டிக் கலெக்டர் காசோலை அதிகாரத்தையே எடுத்துவிடலாம். 205ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு, தாசில்தாரை வைத்து ஊராட்சி உறுப்பினர்களின் கருத்தையும் கேட்டு, பதவியையே பறிக்கலாம். மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியத்துக்கு இவ்வளவு காவல்!

பக்கத்துக் கேரளத்தில் 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குப் போகும் என்று முடிவெடுத்தார்கள். அங்கே உக்கிராணத்தின் ஒரு அலமாரியே சமையல்கட்டுக்கு நகர்ந்துவிட்டது. அங்குள்ள பஞ்சாயத்துத் தலைவரின் கருத்துக்குக் கனம் கூடியதற்கு அந்த அலமாரிதான் காரணம் என்று நினைக்கிறேன். மலையாளிகளுக்குப் பேச்சுத்திறன் அதிகம் என்பதெல்லாம் பிறகு.

குத்தம்பாக்கத்தில் நடந்தது

திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கம், சென்னைக்கு மேற்கே இருக்கிற ஊர். இளங்கோ ரங்கசாமி அந்த ஊர்க்காரர். பொறியியல் படித்து, ஆராய்ச்சி நிறுவன வேலையை விட்டுவிட்டு 1996இல் ஊராட்சித் தலைவரானார். 2001இல் மறுபடியும் ஜெயித்தார். ஒரே தலைவரின் இரண்டு கருத்துகள் இரண்டு விதமாக முடிந்ததை அங்கே பார்க்கலாம்.

முதலாவது சாக்கடை. ஊரில் வடிகால் கட்ட வேண்டும். எஸ்டிமேட்டில் இன்ன கல், இன்ன அளவு என்று எழுதியிருக்கும். அக்கம்பக்கத்துக் கிரானைட் பாலிஷ் போடும் ஆலைகள் உடைந்த கல்லைக் கழிவாகக் கொட்டிவைத்திருந்தன. காசு கொடுத்து வெளியூர்க் கல்லை எதற்கு ஏற்றி இறக்க வேண்டும், இந்தக் கல்லையே வைப்போம் என்றார் இளங்கோ. வைத்தார். செலவு குறைந்தது, மிச்சத்தில் வேலை நீண்டது. வீட்டு அம்மாக்கள் யாரைக் கேட்டாலும் கெட்டிக்காரத்தனம் என்பார்கள். ஆனால் எம்.புக் என்கிற அளவுப் புத்தகத்தில் வேலையை அளந்து எழுதுகிறவருக்குக் கல் மாறியது விதிமீறல். மாவட்ட நிர்வாகம் அவரைப் பதவியிலிருந்து நிறுத்தி வைத்தது. ஊர் கிராம சபையில் திரண்டு அவர் பக்கம் நின்றது. அதன் பிறகு அரசு அவரைத் திரும்பப் பதவியில் உட்காரவைத்தது.

இரண்டாவது சமத்துவபுரம். முதல்வர் மு. கருணாநிதி 1997இல் அறிவித்த திட்டம். ஒரு சமத்துவபுரத்தில் 100 வீடுகள். 40 தலித் குடும்பங்களுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. வீடுகள் தனித்தனி. இளங்கோவின் கருத்து வேறாக இருந்தது. வீடுகளை இரட்டையாக, நடுவில் ஒரே சுவராகக் கட்டுவோம், ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் தலித் அல்லாத குடும்பம் என்றார். ஒரே தெருவில் குடியிருந்தாலும் இடைவெளி விட்டு வாழ முடியும், சுவரைப் பங்கு போட்டால் முடியாது. மாநிலத்தின் பெருமைக்குரிய திட்டத்தின் வரைபடத்தையே மாற்றச் சொல்லும் கருத்து இது. அதற்கு அனுமதி கிடைத்தது. குத்தம்பாக்கத்தில் இரட்டை வீடுகள் எழுந்தன.

ஒரு கல்லை மாற்றியதற்குத் தண்டனை, ஒரு திட்டத்தையே மாற்றியதற்கு அனுமதி. தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றலாம். சமையல்கட்டில் நின்று பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. இரட்டை வீட்டுக் கருத்து நேராக வீட்டுக்காரர் காதுக்குப் போனது. அவர் தலையசைத்துவிட்டால் சாவிக்காரர் எடுத்துக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கல் விஷயத்திலோ சமையல்காரர் சொந்த யோசனையில் பட்டியலை மாற்றிவிட்டார். சாவிக்காரருக்கு ருசி ஒரு பொருட்டே அல்ல. கணக்கு நோட்டில் துவரம்பருப்பு என்று இருக்க, அண்டாவில் பாசிப்பருப்பு வெந்தால் நாளைக்குத் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவரையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நல்ல தலைவர்களின் கருத்து அதிகம் சிக்கி நிற்பது சட்டமன்றத்திலோ கோட்டையிலோ அல்ல, இந்த நடு அறையில்தான். முதல்வரின் காதைப் பிடிக்க முடிந்தவர் எத்தனை பேர்? தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகள் மட்டும் சுமார் 12,500.

கருத்து தீர்மானமாவது

தலைவரின் வாய்ச்சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை, தீர்மான நோட்டில் ஏறியதற்குத்தான் இடம். தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்கள் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என நான்காக இருந்தன. இப்போது மார்ச் 22 தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்து ஆறு. கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கும் உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். கிராம சபைக்குத் தலைமை ஊராட்சித் தலைவர்தான்.

அன்று பேச வேண்டிய பொருள் பட்டியல் மேலிருந்தே வந்துவிடும். டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, குடிநீர்த் திட்டம், நூறு நாள் வேலைக் கணக்கு என்று ஊராட்சிச் செயலர் வாசித்துக்கொண்டே போவார். பந்திக்கு முன்பே வீட்டுக்காரர் மெனு கார்டு அச்சடித்து அனுப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் சொந்தப் பேச்சுக்கு இடம் கடைசி வரியில் இருக்கிறது: ‘இதர பொருட்கள்’. டாஸ்மாக், ஏரி, ஆக்கிரமிப்பு, நகராட்சி இணைப்பு எல்லாம் நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். அனுபவம் உள்ள தலைவர்கள் முதல் ஒன்பது பொருளை வேகமாக ஓட்டிவிட்டு, கூட்டம் கலையும் முன் இங்கே வந்து சேருவார்கள். அனுபவம் இல்லாதவர் கடைசிப் பொருளுக்கு வரும்போது எதிரே நாற்காலிகள் மட்டும் இருக்கும்.

தீர்மானம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதன் பலம் ஒரே அளவு அல்ல. ஊராட்சியின் சொந்த அதிகாரத்துக்குள் இருப்பதைத் தீர்மானித்தால் அது முடிவு, யாரும் எளிதில் தட்ட முடியாது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் பெருமாட்டி பஞ்சாயத்து 2003இல் செய்தது இதைத்தான். பிளாச்சிமடையில் 2000இல் தொடங்கிய கொக்கக்கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று மக்கள் போராடினார்கள். பஞ்சாயத்து ‘அரசு தலையிட வேண்டும்’ என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. தன் கையில் இருந்த உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2003 டிசம்பரில் தனி நீதிபதி நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்ற நிலையை எடுத்தார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்று நிறுவனத்துக்குச் சாதகமாகச் சொன்னது. ஆனால் 2004 மார்ச்சில் நின்ற ஆலை மறுபடி ஓடவில்லை. ஒரு பஞ்சாயத்து தன் கையில் இருந்த ஒரே கரண்டியைச் சரியான நேரத்தில் கீழே வைக்க மறுத்தது, அவ்வளவுதான் நடந்தது.

சட்டமே கிராம சபையின் சம்மதத்தைக் கேட்கச் சொல்லும் இடங்களும் உண்டு. வன உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் 2013இல் உச்ச நீதிமன்றம் ஒடிசாவின் நியமகிரி மலைக் கிராமங்களைக் கேட்கச் சொன்னது. 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை.

மற்றதெல்லாம் வேண்டுகோள். ‘இக்கிராம சபை அரசைக் கேட்டுக்கொள்கிறது’ என்று முடியும் தீர்மானங்கள். டாஸ்மாக் கடையை மூடு என்ற தீர்மானம் இந்த வகைதான். கடையை மூடுவது கலெக்டர் கையில். அதனால் எழுதுகிற விதத்தில் கவனம் வேண்டும். ‘மதுவால் ஊர் சீரழிகிறது’ என்று எழுதினால் அது உண்மை, ஆனால் சாவிக்காரருக்குப் பிடி கொடுக்காத உண்மை. பள்ளியிலிருந்தோ கோயிலிலிருந்தோ ஊராட்சிப் பகுதியில் 100 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது என்று விதி சொல்கிறது. ‘சர்வே எண் இன்னதில் உள்ள கடை, பள்ளி வாசலிலிருந்து இத்தனை மீட்டர்’ என்று டேப் பிடித்து அளந்து எழுதிய தீர்மானத்தை ஃபைலில் போட்டு மறக்க முடியாது. வழக்கறிஞர் கையில் கொடுத்தால் அதுவே பாதி மனு.

வேண்டுகோளும் ஜெயிக்கிற நாள் உண்டு. 2024 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர் அருகே நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குக் கிடைத்தது என்று மத்திய அரசு அறிவித்தது. அந்தப் பரப்புக்குள் வரும் அரிட்டாபட்டி, 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அந்த மாதம் 23ஆம் தேதி நடந்த கிராம சபையில் அப்பகுதி ஊராட்சிகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமே தீர்மானம் போட்டது. ஜனவரி 7 அன்று மக்கள் மதுரைக்குப் பேரணியாக நடந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்ற அறிவிப்பு வந்தது.

இதே காலத்தில் காஞ்சிபுரம் மாவட்டத்து ஏகனாபுரமும் தீர்மானம் போட்டுக்கொண்டுதான் இருந்தது. 2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டதிலிருந்து, கிராம சபை கூடும்போதெல்லாம் வேண்டாம் என்று திரும்பத் திரும்ப எழுதினார்கள். திட்டம் நிற்கவில்லை. மேலூரின் தீர்மானத்தில் எழுத்து நன்றாக இருந்தது, ஏகனாபுரத்தில் இல்லை என்பதல்ல. மேலூரில் வீட்டுக்காரரும் பந்தியோடு சேர்ந்து சம்பந்தியான மத்திய அரசைப் பார்த்துக் கோபப்பட்டார். பரந்தூரோ வீட்டுக்காரரே ஆசைப்பட்டுச் சொன்ன பதார்த்தம். கீழிருந்து போகும் கருத்துக்கு மதிப்பு, மேலே இருப்பவர் அன்று யார் பக்கம் என்பதைப் பொறுத்திருக்கிறது. ஆளும் கட்சி மாறினாலும் இது மாறியதாகத் தெரியவில்லை.

சட்டமன்றத்துக்குள் உள்ளாட்சியின் குரலை அனுப்ப ஒரு வழி இருந்தது. அரசியல் சட்டப்படி, மேலவை உள்ள மாநிலங்களில் அதன் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். கர்நாடகத்தில் கிராம பஞ்சாயத்து உறுப்பினர்கள் இன்றும் இதற்கு ஓட்டுப் போடுகிறார்கள். இங்கே 1986இல் மேலவையை எடுத்துவிட்டோம். மேலவை வேண்டுமா என்பது தனி வழக்கு, ஆனால் வாசலை அடைத்தவர்கள் வேறு ஜன்னல் எதையும் வைக்கவில்லை.

அடுப்படிக்குள் நுழைவது

இவ்வளவும் தலைவர் அடுப்பு முன் நிற்க முடிந்தால்தான். நான் மேலே சொன்ன அதே மேலூர் வட்டாரத்தில்தான் மேலவளவு இருக்கிறது. தனித்தொகுதியான அந்த ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடனிருந்தவர்களுமாக ஆறு பேரை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். எந்தக் கொள்கையையும் பற்றி அவர் கருத்துச் சொன்னதற்காக அல்ல, கரண்டியைத் தொட்டதற்காக. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டு காலம் தேர்தலே முறையாக நடத்த முடியவில்லை. 2006இல்தான் நடந்தது. பெண்களுக்கு இடஒதுக்கீடு இப்போது 50 சதவீதம். அதில் பல ஊர்களில் கூட்டத்தில் பேசுவது கணவர், கையெழுத்து மட்டும் தலைவருடையது. ‘அம்மா என்ன நினைக்கிறாங்க?’ என்று கேட்டால் ‘அவர் வரட்டும்’ என்று பதில் வரும். மாறிய ஊர்களும் இருக்கின்றன. இரண்டாம் முறை நிற்கும் பெண் தலைவர்கள் பி.டி.ஓ. அறைக்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதைப் பார்த்தால் தெரியும்.

அடுப்பு முன் ஆளே இல்லாத காலங்களும் இருந்தன. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தாகி, 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும் மீதி ஒன்பதில் 2021 அக்டோபரிலும் நடந்தது. அந்த 27 மாவட்டங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தபோது மறுபடி தேர்தல் இல்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். கிராம ஊராட்சிக்குத் தனி அலுவலர் என்றால் பி.டி.ஓ. கிராம சபை அப்போதும் கூடும். ‘இதர பொருட்களில்’ ஊர் தன் கோரிக்கையைச் சொல்லும். தீர்மானத்தில் தலைவர் இடத்தில் பி.டி.ஓ. கையெழுத்துப் போடுவார். அது நடவடிக்கைக்காக யூனியன் ஆபீசுக்குப் போகும். அங்கே உறையைப் பிரிப்பவரும் அவரே.